குடுமியோடு அறுபது

செவ்வாய்க்கிழமை போனில் கேட்டாள்,
அறுபது தேங்காய்.
கிரேவ்சென்டில் ஒரே நாளில் அறுபது தேங்காய் போகவேண்டுமென்றால்
ஒரு கல்யாணம் வேண்டும், இல்லையென்றால் ஒரு தேர்.
"ஹோலா மொஹல்லா," என்றாள்.
ஹோலிக்கு மறுநாள், வண்ணத்தை வைத்துவிட்டு வாளை எடுக்கிற நாள்.
இங்கே அது வேலைநாள் என்பதால்
ஞாயிறுக்குத் தள்ளிவைத்தது.
"குடுமியோடவா, குடுமி இல்லாமலா?"
கடைக்காரி வாய், வழக்கம்போலக் கேட்டுவிட்டது.
கொஞ்சம் மௌனம். பிறகு சிரிப்பு.
"முடியை நாங்க எப்ப வெட்டினோம், ஆன்ட்டி?"

ஒவ்வொன்றாய்க் காதருகே வைத்துக் குலுக்கினேன்.
ஐம்பத்தெட்டுக்கு என் காது உத்தரவாதம்.
இரண்டு கணக்குக்காகப் போட்டது.
அதை இப்போது சொல்கிறேன்.
அன்றைக்குச் சொல்லவில்லை.

ஞாயிறன்று மார்ச் மாதத்துக் காற்று
டில்பரிக் கிரேன்களிலிருந்து தேம்ஸைத் தாண்டி வந்து
எல்லார் காதையும் கடித்தது.
குருத்வாராவுக்குப் பின்னால் புல்வெளி. நீலம் நீலமாய்த் தலைப்பாகை.
ஒருவருடையது கோபுரம்போல ஏறி நின்றது,
அதைச் சுற்றி இரும்புச் சக்கரங்கள்.
குதிரை இரண்டுதான், சவாரிப் பள்ளியிலிருந்து வாடகைக்கு.
ஒன்றின் பெயர் பிஸ்கட்.
பிஸ்கட்டுக்குப் போர் பிடிக்கவில்லை.
முரசு தொடங்கியதும்
வேலியோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது.

வெட்ட வந்து, தொடாமல் நின்று,
நின்ற இடத்தில் வணங்கி,
மறுபடி வெட்ட வருகிற யுத்தம்.
சோற்றுத் தட்டளவு கேடயத்தோடு ஏழு வயதுக்காரி ஒருத்தி
அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
எனக்கோ ஆயுதத்தைக் கண்டு ஆசைப்படும் வயது
வாய்த்ததேயில்லை.
என் கண் தானாகவே போய்
வெளியேறும் வழி எதுவென்று பார்த்துவைத்தது.

அப்புறம் என் காய்கள் வந்தன.
ஜஸ்ரூப், போனில் சிரித்தவள்,
டார்ட்ஃபோர்டில் பல் மருத்துவர்.
மூடிய இமைமேல் உப்பை அப்பி, ஒரு துணி,
அதன்மேல் இன்னொரு துணி.
தம்பி இந்தர்பிரீத் புல்லில் மல்லாந்தான்.
தலையோரம், விலாவோரம், இரண்டு முழங்காலுக்கும் நடுவே
காய்களை அடுக்கினார்கள்.
அவள் கையில் பெரிய சுத்தியல்.

அவள் கண்ணைக் கட்டியிருந்தாள்.
காய்களும் தங்கள் மூன்று கண்ணையும்
குடுமிக்குள் மூடியிருந்தன.
பார்த்துக்கொண்டிருந்தவள் நான்,
பார்க்க விருப்பமில்லாத நான்.

ஆறு அடி. ஆறு வெள்ளைத் தெறிப்பு.
ஏழாவது, இடது காதோரம்.
சத்தமே வேறு, ஈரச் சாக்கு கிழிந்ததுபோல.
சாம்பல் நிறத்தில் ஏதோ
அந்தப் பையனின் தாடியில் வடிந்தது.
நாற்றம் மூன்றாவது வரிசைவரை வந்து என்னைத் தேடியது.

எனக்குத் தெரிந்த உலகில்
அழுகல் காய் உடைந்தால் ஐயர் மந்திரத்தை நிறுத்துவார்.
மாமிகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.
விற்றவள் பெயர் மூன்று வருஷம் அடிபடும்.

ஜஸ்ரூப் மூக்கைச் சுருக்கினாள்.
"டேய், இது உன் காலுறையா?"
புல்லில் கிடந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.
"அசையாதே கழுதை!" கூட்டத்திலிருந்து அவர்கள் அம்மா.
அடக்கினான். வயிறு மட்டும் அடங்கவில்லை.
எட்டாவது அடி
அந்தச் சிரிப்புக்கு நாலு விரல் பக்கத்தில் இறங்கியது.

லங்கரில் தரையில் உட்கார்ந்தேன்,
கைக்குள் இரண்டு காய்க்கான காசு.
பருப்பு வாளியோடு வந்தான் இந்தர்பிரீத்.
தாடி ஈரம், சோப்பு வாசனை,
அதற்கடியில் இன்னும் கொஞ்சம் அது.
நீட்டினேன். அவன் கை இரண்டும் வேலையாயிருந்தன.
பின்னால் ரொட்டிக்காரர்.
"ரெண்டு கையையும் ஏந்துங்க, ஆன்ட்டி."
ஏந்துவதென்றால் காசைக் கீழே வைக்கவேண்டும்.
வைத்தேன்.

போகும்போது வேலியோரம்,
பிஸ்கட்டின் காலடியில்,
உடையாத காய் ஒன்று உருண்டு கிடந்தது.
எடுத்தேன். காதுவரை கொண்டுபோனேன்.
குலுக்காமல் திரும்ப வைத்தேன்.