அசையும் சொத்து

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்ட்ரவுட் வருவார்.
காரைவிட்டு இறங்கமாட்டார்.
காற்றுக்குழாய் உறிஞ்சி
ஒரு பிளாஸ்டிக் உருளையை என் முன்னால் துப்பும்.
உள்ளே சம்பளக் காசோலை.
பணத்தை எண்ணித் திருப்பி அனுப்பும்போது
பின்சீட்டிலிருக்கும் அவர் மகளுக்கு
ஒரு குச்சிமிட்டாய் வைப்பேன்.
டெக்சஸில் எங்கள் கிளைகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம்.
சிவப்பென்றால் கையசைப்பாள்,
பச்சையென்றால் மாட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருவார்.
லாஸ் என்சினோஸில் நோட்டரி நான் ஒருத்திதான்.
கையெழுத்துப் போடுபவர் இவர்தானா என்று பார்ப்பது என் வேலை.
என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதல்ல.
பதினோரு வருடமாக
அட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்,
முத்திரையை அழுத்தினேன்.

இந்த முறை பின் கழன்று
தாள்கள் தரையில் சிதறின.
பொறுக்கும்போது கண்ணில் பட்டது.

கடனுக்கு ஈடாகக் காட்டிய அசையும் சொத்துகள்:
வெளிச்ச விளக்கு முப்பத்தெட்டு.
பேருந்து இரண்டு, ஜன்னல் வலையோடு.
கம்பிவேலி மூன்றரை மைல்
(அது எங்கே அசையும்?).
தொட்டில் அறுபத்து நான்கு.

தொட்டிலுக்கும் தேய்மானம் போட்டிருந்தார்கள்,
வருடத்துக்குப் பத்து விழுக்காடு.
அதன் கீழே சறுக்குமரம் ஒன்று,
லேசான துரு என்ற குறிப்போடு.

சோளக்காடு தாண்டி, வெங்காயக் கிடங்கு தாண்டி
எண்ணெய்க் கிணற்று ஆட்கள் முன்பு தங்கிய முகாம் அது.
என் அண்ணன் மனைவி யுலாலியா
அங்கே துணி துவைக்கிறாள்.
வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
ஒரே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:
இரண்டு வயதுப் பையன் ஒருவன்
மணிக்கட்டுப் பட்டையை மென்று மென்று
எண்ணையே அழித்துவிட்டானாம்.
புதுப் பட்டை வரும்வரை
கணக்கில் அவன் இல்லை.
மடியில்தான் இருந்தான்.
அவன் அம்மா அன்றைக்குப் பாடிக்கொண்டே இருந்தாளாம்.
சொல்லி முடித்தபோது யுலாலியா சிரிக்கவில்லை.

அடுத்த தாளில் நிபந்தனை.
நூறு கட்டிலுக்கு எண்பத்தைந்தாவது
நிரம்பியிருக்க வேண்டும்.
குறைந்தால் வட்டி அரைப் புள்ளி ஏறும்.
சட்டமொழியை உரித்துப் பார்த்தால் இவ்வளவுதான்:
கடனை அடைக்க வேண்டுமானால்
ஆளை அடைக்க வேண்டும்.

வட்டி குட்டி போடும் என்பார்கள்.
இந்த வட்டிக்கு
யாரோ பெற்ற குட்டி போதும்.

எங்கள் கிளை கொடுத்த கடனல்ல.
ஹூஸ்டனில் நாற்பதாவது மாடியில்
யாரோ கைகுலுக்கிக் கொடுத்தது.
ஆனாலும் இந்த ஊர்
வெங்காயம் விற்றுப் போட்ட பணம் அதில் இருக்கும்.
என் சேமிப்பும் இருக்கும்,
அரை விளக்கு அளவுக்கு,
அல்லது
ஒரு தொட்டிலின் நான்கு கால் அளவுக்கு.

"ஏதாவது தப்பா, ஒராலியா?"
ஸ்ட்ரவுட் பேனாவை மூடியபடி கேட்டார்.
நல்ல மனிதர். வெள்ளம் வந்தபோது
என் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்ட
மண்வெட்டியோடு வந்தவர்.
தாள்களை அடுக்கினேன். ஓரம் தட்டினேன்.
சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது.
வாய்க்கு வந்தது வேறு:
"கையெழுத்து உங்களுடையதுதான்."

முத்திரை நன்றாக விழுந்தது.
நட்சத்திரத்தின் ஐந்து முனையும் தெளிவாக.

அடுத்த வெள்ளி
உருளை வந்து விழுந்தது.
பணத்தை எண்ணினேன்.
மிட்டாய் ஜாடிக்குள் கையை விட்டேன்.
ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்,
இன்னொன்றை அதன் பக்கத்தில்,
பிறகு இன்னொன்றை.
பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.
மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.
நான் ஜாடியைக் கவிழ்த்தேன்.

பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சேர்த்து
நாற்பத்தொன்றுதான் இருந்தது.