பத்து ரூபாய்க் குத்தி

எந்த ஃபிரேம் வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம்
நான் முதலில் கேட்பது:
உங்கள் வீடு கடலிலிருந்து எத்தனை ஒழுங்கை தள்ளி?
வெள்ளவத்தையில் எனக்கு ஒன்றரை.
அரை என்பது ரயில் பாதை.
இங்கே உப்பு
கதவு தட்டாமல் உள்ளே வரும்.
என் உருக்குச் சைக்கிளை அது
பெடல் அச்சுக்குள்ளிருந்து தின்னத் தொடங்கியது,
வெளியே பச்சைப் பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்க.

ஆனாலும் உருக்கு நல்லது.
சொல்லிவிட்டுத்தான் உடையும்.
மயிரிழையாய் வெடித்து, இரண்டு கிழமை கிறீச்சிட்டு,
பிறகும் கித்துல்கலவிலிருந்து கொழும்பு வரை
பொறுத்துக்கொண்டு வரும்.
பஞ்சிகாவத்தையில் துவான் இர்ஷாட்
ஓட்டோக்களுக்கு நடுவே அதைக் கவிழ்த்துப் போட்டு
சிகரெட் அணையுமுன் பற்றவைத்துத் தந்தான்.
"இனி ரேஸ் ஓடாத, மார்க்கெட்டுக்கு ஓடு" என்றான்.
அடுத்த ஞாயிறே ஓடினேன்.
நாலாவது.

அலுமினியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.
சரி, கேளுங்கள்.
பேஸ்லைன் வீதியின் ஒவ்வொரு பள்ளத்தையும்
முள்ளந்தண்டிடம் தனித்தனியாய் முறையிடும்.
இரண்டு வருடம் அதில் ஓடிப்
பல்லைக் கடிக்கப் பழகினேன்.
மலைக்கு அது உதவிற்று.

மலை எங்களுக்கு விடியப்புறம் மூன்றரைக்குத் தொடங்கும்.
ஹைலெவல் வீதியில் நாய்களும் நாங்களும்.
அவிசாவளையில் முதல் பிளேன்டீ.
யட்டியாந்தோட்டை வரை மெரில் பகிடி விடுவான்.
கினிகத்தேனை தாண்டினால் அவனும் வாய் மூடுவான்,
செயினும் மூச்சும் மட்டும்.
கடல் மட்டத்தில் தூங்கி எழுந்த இரத்தத்துக்கு
யாரும் சொல்லவில்லை
இன்றைக்கு மேகத்துக்குள் போகிறோம் என்று.

அந்த முறை எனக்குக் கீழே காபன்.
சீட்டுக் காசு முழுக்கப் போட்டு வாங்கியது.
ஃபிரேம் தொள்ளாயிரம் கிராம்:
இரண்டு இறாத்தல் பாண்.
வட்டவளைக்கு மேலே ஒரு வளைவில் நின்று
தண்ணீர் குடித்தபோது
கொழுந்துக் கூடையோடு ஏறி வந்த ஒருத்தி
சைக்கிளைப் பார்த்தாள்.
ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன், பெருமையாக.
"ஒண்ணும் ஏத்தாமலா ஏறுறீங்க?" என்றாள்.
நெற்றியில் கயிறு பதிந்திருந்தது.
கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவளுக்குக் காசு.
குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன்.
இரண்டு பேருமே
எடைக்காகத்தான் அந்த மலையில் நின்றோம்.
அவள் சிரிக்கவில்லை. போய்விட்டாள்.
தராசுக்கு நேரமாகியிருக்கும்.

நுவரெலியாவில் குளிர், ரோல்ஸ், அவசரமாய் ஒரு படம்.
பிறகு றம்பொடை இறக்கம்.
லீக்ஸ் ஏற்றிய லொறி வளைவை அகலமாய் எடுத்தது.
மற்றதை மெரில் சொல்லித்தான் தெரியும்:
நான் பறந்தேனாம், வடிவாய்த்தான் பறந்தேனாம்.

காபனில் ஒரு கீறல்கூட இல்லை.
மெரில் பத்து ரூபாய்க் குத்தி எடுத்து
குழாய் நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போனான்.
டிக். டிக். டிக்.
ஓரிடத்தில்
தப்.
நனைந்த மட்டையில் தட்டின மாதிரி.
அவ்வளவுதான். காபன் சொல்லாது,
கேட்கத் தெரிந்தால் ஒத்துக்கொள்ளும்.

டைட்டானியமா?
அந்த விலைக்கு ஹோமாகமையில் இரண்டு பேர்ச் காணி வரும்.
ஆனால் என்னிடம் இருக்கிறது, கொஞ்சம்:
இடது காறை எலும்பில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
துருப்பிடிக்காது என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.
உப்புக் காற்று படாது என்பதை
நானே சேர்த்துக்கொண்டேன்.
மழைக்கு முதல்நாள் மட்டும் லேசாய்க் குளிரும்.

நேற்று வங்கி மனேஜர் குணபாலசிங்கம் கேட்டார்,
மலைக்குப் போக எது நல்லது என்று.
தொப்பை, கண்ணில் வெளிச்சம்.
எல்லாம் ஏறும் சேர், என்றேன்.
இறங்கும்போதுதான்
ஒவ்வொன்றும் தன் குணம் காட்டும்.

அவர் போன பிறகு
இர்ஷாட் ஒட்டிய பச்சைச் சைக்கிளை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
பெஞ்சில் அந்தக் குத்தி கிடந்தது.
எடுத்துத் தோளில் ஒருதரம் தட்டிப் பார்த்தேன்.
என்ன சத்தம் வந்ததோ,
சரியாக அப்போதுதான்
பாணந்துறை ரயில் போனது.