கலங்கல் அளவு

அம்பத்தளை. இரவு முறை. மணி இரண்டே முக்கால்.
களனி ஆறு குழாய் வழியே வந்து
என் கண்ணாடிக் குப்பியில் நிற்கிறது.
மீற்றரில் வைக்கிறேன்:
நூற்றுப் பன்னிரண்டு.
நேற்று இதே நேரம் பதினெட்டு.

கொழும்பில் ஒரு துளி விழவில்லை.
முற்றத்துச் சிமெந்தில் பகல் சூடு இன்னும் இருக்கிறது.
அப்படியென்றால் மலையில்தான்.

நிறம் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பிடிபடும்.
கருஞ்சிவப்பு, புதிதாகக் கொத்திய காய்கறிப் பாத்தி.
மஞ்சள், ரோட்டுக்கு வெட்டிய மண்மேடு.
சாம்பலாய் நுரையோடு வந்தால்
எங்கோ அணைக்கதவு திறந்திருக்கிறது.
பியதிஸ்ஸ இதை நம்புவதில்லை,
அவர் முள்ளைத்தான் நம்புவார்.

அந்த மாவட்டத்தில் வடக்கு தெற்கு கிடையாது.
மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, அவ்வளவுதான் திசை.
வழி கேட்டால் கை நீட்டமாட்டார்கள்,
நாடியை உயர்த்துவார்கள், இல்லாவிட்டால் தாழ்த்துவார்கள்.
எதிர் மலையில் காயும் சட்டையின்
கோடுகளைக்கூட எண்ணலாம்;
போய்ச்சேர அரை நாள்.
சமதரை என்றிருப்பது விளையாட்டு மைதானம் மட்டும்,
அதுவும் ஒரு பக்கம் சரிவு.
பந்து விளிம்பு தாண்டினால் அடுத்த தோட்டம்.
எடுத்து வரும்வரை ஓடலாம் என்பது அங்கே சட்டம்.
என் சின்னம்மா மகன் ரட்ணவேல் ஒருமுறை
நாற்பத்தொரு ஓட்டம் ஓடி
மூச்சு முட்டி நடுவிலே உட்கார்ந்துவிட்டான்.
அதை எப்படி எழுதுவதென்று
இரண்டு தோட்டமும் சண்டை.

நூற்று அறுபது.
படிகாரத்தைக் கூட்டச் சொல்கிறேன்.
தொட்டியில் மலை திரிதிரியாய்ச் சேர்ந்து
கீழே போய் உட்காருகிறது.
மேலே தெளிந்தது
கொள்ளுப்பிட்டியின் கேத்தலுக்கும்
தெமட்டகொடையின் குளிப்புக்கும் போகும்.

நான்கு மணிக்கு ரட்ணவேலை அழைத்தேன்.
"மண் சரியுதா அங்க?"
"சரியல. மழை மட்டும்தான்.
ஆனா பீலியில தண்ணி இல்ல,
மேல குழாய் அடைச்சுப்போச்சு.
கூரைக்குக் கீழ வாளி வச்சிருக்கோம்."
பிறகு கொட்டாவியோடு,
"உங்களுக்கு வருதா?"

வருகிறது என்றேன்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம் விரலகலம்.
மழை என்று எழுதினேன்.
பக்கத்தில் இடமிருந்தது. விட்டுவிட்டேன்.

விடிந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது
நகக்கண்ணில் காக்காப்பொன் ஒரு பொட்டு மினுங்கியது.
சவர்க்காரம் போட்டுத்தான் கழுவியிருந்தேன்.
முன் இருக்கைப் பிள்ளை
அதையே பார்த்துக்கொண்டு வந்தது,
வெல்லம்பிட்டி வரைக்கும்.