ஊற்றாமல் ஏறிய ஆயில்

ஊற்றாத ஆயில் ஏறக் கூடாது.
குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன்.
மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்.
முகர்ந்தால் டீசல்.

மூன்று நாளாய் மங்களங்கொம்பு ஏற்றத்தில்
சவ்சவ் மூட்டைகளோடு மூச்சு வாங்கி நின்றது ஜீப்.
ஃபில்டர் அடைப்பு என்றார் டீக்கடையில் ஒருவர்.
டேங்கில் தண்ணீர் என்றார் இன்னொருவர்.
ஆயில் கூடிற்றா என்று யாரும் கேட்கவில்லை.
குறைந்தால்தானே கவலைப்படுகிறோம்.

தண்டிக்குடியில் அன்று கரண்ட் இல்லை.
காப்பிக் களத்தின் ஓரம் நிறுத்தி
இரண்டு போல்ட்டைக் கழற்ற
பம்ப் கையோடு வந்தது.
முழங்கைவரை வழிந்தது டீசல்.

பிரிக்கும் முன் ஒரு கோடு கீற வேண்டும்,
மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்கு, அரத்தின் முனையால்.
இல்லாவிட்டால் மூடும்போது
வருகிற வாய் எது போகிற வாய் எது என்று தெரியாது.
கீறப் போனேன்.
ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது.
கோணல் கோடு. இடக்கைக்காரன் இழுப்பு.

சடையாண்டி.

ஆறு ஸ்க்ரூ. ஆறாவதன் தலை மழுங்கிப் போயிருந்தது,
உளி வைத்துத் தட்டித் திருப்பினேன்.
உள்ளே டயாஃப்ரம் இருக்க வேண்டிய இடத்தில்
மஞ்சள்.
மழைக்கோட்டு மஞ்சள்.
இரண்டு அடுக்காய்க் கத்தரித்து
ஆறு துளையும் பழுத்த கம்பியால் சுட்டு
நடுவே வாஷர் கொடுத்து இறுக்கியிருந்தான்.
டீசல் குடித்துக் குடித்து அப்பளமாய் விறைத்து
ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு.
அவ்வளவுதான்.

பங்கு பிரிந்த அன்று அவன் நோட்டில் இருந்தது:
பம்ப் கிட் ஒன்று, அறுநூற்று நாற்பது.
பில் எங்கே என்றேன்.
நனைந்துவிட்டது என்றான்.
நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.
அதன்பின் அவன் பாச்சலூர்ப் பக்கம்
லாரிக்குப் போய்விட்டான்.

அவன் கிட் வாங்கவில்லை.
நான் சொன்னது சரிதான், சாட்சி கையில் இருக்கிறது.
ஆனால் அந்த ஐப்பசி முழுக்க
சாக்கை முக்காடாய் மடித்துத் தலையில் கவிழ்த்துத்தான்
மூட்டை ஏற்றினான்.
கோட் எங்கேடா என்றதற்கு
காணோம் என்றான்.
பொய் சொன்னதும் அவன்தான்.
நனைந்ததும் அவன்தான்.

வத்தலக்குண்டில் வாங்கி வந்ததைப் பிரித்தேன்.
கறுப்பாய், புது ரப்பர் நெடியோடு.
இரண்டு வால்வு, ஒரு ஸ்பிரிங். பில் உண்டு.
தண்டை அழுத்திக் கால்வட்டம் திருப்ப
அடியில் கொக்கி கவ்விக்கொண்டது.
இனி நெம்பை முழுக்க இழுத்துப் பிடித்தபடி
ஸ்க்ரூவை முறுக்க வேண்டும்,
அப்போதுதான் ரப்பர் பின்னால் கிழியாது.
ஒருவன் பிடிக்க ஒருவன் முறுக்க என்று வைத்த வேலை.
முழங்காலால் பிடித்துக்கொண்டேன்.
அவன் கீறிய கோட்டோடு கோடு சேர்ந்தது.

மாட்டிய பிறகு கைநெம்பு செத்துக் கிடந்தது.
கெட்டது காரியம் என்று மறுபடி ஸ்பேனரை எடுத்தேன்.
பிறகு ஞாபகம் வந்தது,
கேம் உச்சியில் நின்றால் நெம்பு பிடிக்காது.
டாப் கியரில் போட்டு ஜீப்பை இரண்டடி தள்ளினேன்.
நெம்பில் கனம் வந்தது.
ஃபில்டர் தலையின் ஸ்க்ரூவைத் தளர்த்தி
அடித்தேன், அடித்தேன்,
நுரை, நுரை, ஒரு தும்மல், மறுபடி நுரை,
அப்புறம் அறுபடாத கயிறாய் டீசல்.

கலந்த ஆயிலைக் கொட்டிப் புதிது ஊற்றினேன்.
மறுநாள் ஓட்டிவந்து பார்த்தால்
குச்சியில் கோடு ஊற்றிய இடத்திலேயே நின்றது.

பட்டிவீரன்பட்டி இறக்கம்.
வளைவுக்கு வளைவு கணக்குப் போட்டு வருகிறேன்.
அறுநூற்று நாற்பதில் என் பாதி முன்னூற்று இருபது,
அது அவன் தர வேண்டியது.
அதில் ஒரு மழைக்கோட்டின் விலையைக் கழிக்க வேண்டும்.
கோட் பழசு. முதுகில் ஏற்கெனவே ஒரு ஒட்டு.
அதற்கு என்ன விலை போடுவது?
மீட்டர் கண்ணாடிக்கு முன்னால்
மஞ்சள் வட்டம் காய்ந்துகொண்டிருக்கிறது, நாற்றத்தோடு.

எதிரே பஸ் ஹாரன்.
கியரைக் குறைத்தேன். லோடு இருக்கிறது.