பட்டாலும் தெரியாது

ஒரினா வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள்.
ஷெலெஸ்னி ப்ரோட் ஊரில்
ஜிசெரா ஆறு ஓரங்களில் உறைந்திருந்தது.
குவளைகளைப் பனிபோல மங்கலாக்கும் அறையில்
இரண்டாவது சொட்டுக் குழாய் ஒழுக,
சோப்பு தீர்ந்து ஒரு வாரம்.

தொட்டியருகே வெள்ளைக் கேன்.
அதன்மேல் நான் அச்சிட்டு ஒட்டிய சீட்டு
ஈரத்தில் ஊறிப் பாதி உரிந்து போயிருந்தது.
மண்டையோடு போயிற்று.
செக் மொழியில் நான் எழுதிய பதினோரு வரியும் போயிற்று.
மிச்சம் ஒரு சிவப்புச் சாய்சதுரம்,
உள்ளே ஒரு குழாயிலிருந்து சில சொட்டுகள்,
கீழே ஒரு கை.

சொட்டு. கை.
வேறெப்படிப் படிப்பாள்?
கை கழுவ என்று படித்தாள்.
கழுவினாள்.

வலிக்கவில்லை. நீர்த்த அமிலம்.
விரல்களில் அப்பியிருந்த வெண்பொடி போனது,
திருப்தியாகத்தான் இருந்திருக்கும்.
பட்டால் தெரியும் என்பதெல்லாம்
நெருப்புக்குச் சரி.
இது பட்டாலும் தெரியாது.
தோலை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே இறங்கி
எலும்பிலிருக்கும் சுண்ணத்தைத் தேடிப் போகும்.

இரவு பதினொன்றேகாலுக்கு
விடுதிக் கட்டிலில், நகக்கண்களில் தொடங்கியது.
அடுத்த கட்டிலில் குவே, ஹாய்ஃபோங்காரி.
இருவருக்கும் நடுவில் இருபது செக் சொற்கள்:
ரொட்டி, பேருந்து, நாளை, சம்பளம்.
வலி அதில் இல்லை.
ஒரினா கையைக் காட்டினாள்.
புண் இல்லை, கொப்புளம் இல்லை,
நகத்தடியில் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான்.
ஒன்றுமில்லாததைப் பார்த்துத்தான் குவே பதறினாள்.
இரண்டு குளிர்காலம் முன்பு
யாரோமிரின் கட்டைவிரலும்
இப்படித்தான் ஒன்றுமில்லாமல் இருந்தது.

இழுத்துக்கொண்டு ஓடினாள், வீட்டுச் செருப்போடு, பனியில்.
களிம்பு அலமாரியில் இருந்தது.
அலமாரி பூட்டியிருந்தது.
சாவி ஃபோர்மன் வோய்த்யேகின் கால்சட்டையில்,
கால்சட்டை அவர் வீட்டு நாற்காலியில்.
நாங்களே வார்த்த கண்ணாடிக் கதவு அது.
குவே முழங்கையால் உடைத்தாள்.
குழாயடியில் அவள் விரல்களைப் பிடித்தபடி
லிபெரெட்ஸ் ஆம்புலன்ஸ் வரும்வரை
களிம்பு பூசிக்கொண்டே இருந்தாளாம்.

ஆய்வாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:
சீட்டு ஒட்டப்பட்டிருந்ததா?
ஒட்டப்பட்டிருந்தது என்றேன்.
பொய்யில்லை.
கைகழுவிக்கொள்ள எனக்கு அது போதும்.

இரண்டு நகங்களை எடுத்துவிட்டார்கள்.

பிறகுதான் படங்களைத் தூக்கிக்கொண்டு
ஒவ்வொருவரிடமும் போனேன்.
மார்பில் நட்சத்திரம் வெடிக்கும் மனிதனைப் பார்த்து
‘காதலிக்கிறான்’ என்றான் பொதிகட்டும் பையன்.
செத்த மீனும் மொட்டை மரமும்
மீன்பிடிக்கத் தடை.
முப்பத்தொரு வருடம் இங்கேயே கிடந்த யாரோமிர்
ஆச்சரியக்குறியைக் காட்டி,
‘இது என்ன, யாராவது கத்துகிறார்களா?’ என்றார்.
ஆமாம், நான்தான், என்று சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரினா திரும்பி வந்தாள்.
என்ன எழுதியிருந்தால் தொட்டிருக்கமாட்டாய் என்று கேட்டேன்.
வெகுநேரம் கேனைப் பார்த்தாள்.
அவள் மொழியில் சொன்னதை அவள் எழுத்திலேயே அச்சிட்டேன்,
குவேயின் மொழியில் குவே சொன்னபடி,
கடைசியில் என் மொழியில்:

இது வலிக்காது. அதனால் பயப்படு.
பட்டால் தண்ணீர். பிறகு களிம்பு.
வலிக்கட்டும் என்று காத்திருக்காதே.
யாரையாவது எழுப்பு.

விதிப்படி இருக்கவேண்டிய பதினோரு வரியும்
அதற்குக் கீழே இருக்கின்றன, சின்ன எழுத்தில்.
அலமாரிக்கு இப்போது கதவே இல்லை.
சோப்பு வந்துவிட்டது.

திங்கள்தோறும் கேன் கேனாகப் போய்
சீட்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பார்க்கிறேன்,
உரிகிறதா என்று.
எனக்குப் பத்து இருக்கின்றன.