பூஜ்ஜியம் நொடி

அஸ்தம்பட்டிக் கிளையில் மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
இந்த வாரம் முழுக்க ஒரே பாட்டம்தான்:
உங்க போன் வெளிநாட்டு மாடல்,
இதிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுக்குப் போகாது,
முப்பதாம் தேதியோடு இணைப்பை நிறுத்திடுவோம்.

மருமகன் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள்.
பெட்டி இருக்கு, பில் இருக்கு,
ஒட்டின தாளைக்கூட இன்னும் உரிக்கல என்கிறார்கள்.
கொண்டலாம்பட்டித் தறிக்காரர் ஒருவர்
எனக்கு எதிரே நின்றே மஸ்கட்டுக்கு வீடியோ போட்டார்.
"பல்லு சொத்தைகூடத் தெரியுது. இதப் போய் ஊமைங்கறீங்க."
எல்லார்கிட்டயும் பேசும் சார்,
உயிர் போற நேரத்துல மட்டும் பேசாது.
"அப்ப எம் மச்சான்தான்" என்றார்.
வரிசையே சிரித்தது. நானும்.

பழைய அலையை அணைத்துவிட்டார்கள்,
புது அலையில் அவசர எண்ணைப் பிடிக்க
இந்த மாடலுக்குத் தெரியாது.
பயிற்சியில் கொடுத்த இரண்டு வரி.
காய்கறி விலை சொல்கிற குரல் வந்துவிட்டிருந்தது எனக்கு.

நாற்பத்தொன்று.

நாகலூர் வெள்ளையன். மிளகு வண்டி ஓட்டுகிறவர்.
எஸ்டேட்காரர் மகன் ஜப்பானிலிருந்து வந்தபோது
புதுசு வாங்கியதால் பழசை இவரிடம் விட்டுப் போனானாம்.
வந்த எஸ்எம்எஸ்ஸை நீட்டினார். படித்துச் சொன்னேன்.
இன்னொருக்கா படிங்க என்றார். படித்தேன்.
"எப்பயிருந்து போகாது?"
மலைப்பக்கம் அணைத்தது போன ஆடிக் கடைசி.
விரலை மடக்கினார்.
ஆவணி. புரட்டாசி.
ஐப்பசியில் விரல் நின்றுவிட்டது.

"பதினாலாவது வளைவு. மழை.
எந் தம்பி வண்டிக்கு அடியில" என்றார்,
யாரோ பேருந்து நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.
போனைத் திருப்பிக் காட்டினார்.
நூற்றுப் பன்னிரண்டு, பதினோரு தடவை,
இரவு பதினொன்று நாற்பதிலிருந்து.
ஒவ்வொன்றுக்கும் நேராக பூஜ்ஜியம் நொடி.

"டவர் எடுக்கலன்னு நெனச்சேன்.
போனைச் சட்டைக்குள்ள போட்டுட்டு
அடிவாரம் செக்போஸ்ட்டு வரைக்கும் ஓடினேன்.
மலையத்தான் திட்டினேன்.
சேர்வராயன் மேல கோவம்,
வைகாசித் திருவிழாவுக்கு மேல ஏறவே இல்ல.
பொண்டாட்டி மட்டும் போயி தேங்காய் ஒடச்சிட்டு வந்தா."

பின்னால் யாரோ டோக்கன் எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள்.

பிறகு கேட்டார்:
"அன்னிக்கு, வீட்டுக்கு அடிச்சிருந்தா போயிருக்குமா?
இல்ல, செக்போஸ்ட் தனசேகரனுக்கு?
நம்பர் இருந்துச்சு, அவன் நம்பர்."

திரையில் அவருடைய மாடலின் சோதனைச் சீட்டு திறந்தே இருந்தது.
அவசர அழைப்பு: சிவப்பு.
அதற்குக் கீழ்வரி, சாதாரண அழைப்பு: பச்சை.
பச்சை அத்தனை பச்சையாக இருந்தது.
கணினியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.

சொல்ல முடியாதுங்க, என்றேன்.
மழையில, அந்த வளைவுல,
மலை மறைச்சுடும்.
எந்த போனா இருந்தாலும்.

நெடுநேரம் என்னையே பார்த்தார்.
"ஆமா" என்றார், "மலைதான்."
மாற்றுப் போனுக்கான கூப்பனை வாங்கி மடித்தார்.
பழசைக் கொடுக்கவில்லை. விதிப்படி வாங்கிக்கொள்ள வேண்டும்.
நானும் கேட்கவில்லை.

என் நாற்காலியிலிருந்து பார்த்தால்
கோரிமேட்டுக்குப் பின்னால் முழு மலையும் தெரியும்.
வெயில் கண்ணில் அடிக்குது என்று சொல்லி
திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னேன்.
வெயில் இந்தப் பக்கம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கே,
என்றாள் பக்கத்துக் கவுண்டர் ரெஜினா.

நாற்பத்திரண்டு.