எழுபத்திரண்டில் ஒரு பங்கு

மின்விசிறியை நிறுத்து என்றேன்.
மே மாதம், பெரம்பூர், மூன்றாவது மாடி.
பிலோமினா என்னைப் பார்த்தாள்.
பிறகு நிறுத்தினாள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
செத்த மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
முந்நூறு சொல்லி இருநூற்றிருபதுக்குப் படிந்த பெட்டி.
உள்ளே சாம்பல் நிறச் சட்டத்தில்
பறிக்காத புளியங்கொத்து மாதிரி
இறக்கைகள், சக்கரங்கள், ஒரு விமானி.
வழிகாட்டித் தாள் ஏதோ பனிதேசத்து மொழியில்,
எழுத்துகளின் தலையில் கொக்கி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் பறந்த
ஈரடுக்கு இறக்கை. பெயர் ஒட்டகம்.
துப்பாக்கிகளுக்கு மேலே கூன் விழுந்திருக்கும், அதனால்.

பதினேழாம் எண் துண்டு இல்லை.
மேலிறக்கையைத் தாங்கும் எட்டுக் கால்களில் ஒன்று.
எனக்குத் தொழில் பல் கட்டுவது.
வைத்தியர் இல்லை; வைத்தியருக்குப் பின்னால்
புரசைவாக்கத்தில் ஜன்னலில்லாத அறையில்
மெழுகிலும் அக்ரிலிக்கிலும் கடைவாய் செய்பவன்.
ஓட்டேரிக்காரர் ஒருவரின் கோரைப்பல்லுக்குக்
கலந்ததில் மிஞ்சியதை
ராவினேன், ஊதினேன், மறுபடி ராவினேன்.
எட்டாவது கால் லேசான மஞ்சள்.
வெற்றிலை போடாத, டீ மட்டும் குடிக்கிற மஞ்சள்.

கீழிறக்கை சொன்ன பேச்சுக் கேட்கும்.
மேலிறக்கையைத்தான்
எட்டுக் கால்களிலும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டும்.
குடும்ப போட்டோவில் எல்லோரும்
கண் திறந்திருக்கிற கணம் மாதிரி அது.
மூன்று ராத்திரி வரவில்லை.
நான்காம் ராத்திரி மூச்சை அடக்கிப் பிடித்தேன்;
பசை காயும் வரை
வியாசர்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி
முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

இழுகம்பிகளுக்கு, மிச்சச் சட்டத்தை
மாதா கோயிலுக்கென்று வாங்கிய மெழுகுவத்தியில் வாட்டி
இளகும்போது இழுத்தால்
தலைமுடியைவிட மெல்லிய நூல் வரும்.
பத்துக்கு ஒன்று தேறியது.
மற்ற ஒன்பதும் என் பனியனில்.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
விமானியின் பக்கத்தில் விழுந்தது.
எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
அவனுக்கு அது ஒரு குடம், என்றேன் சத்தமாக.
பிலோமினா சிரிக்கவில்லை.
குடிநீர் வாரியத்தில்
புகார் ஜன்னலில் உட்காருகிறவள்.
மே மாதத்தில் குடம் என்கிற சொல்லை
வீட்டில் எடுக்கக் கூடாது.

கடைசி வேலை, வட்ட முத்திரைகள்.
நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை, அதைச் சுற்றி நீலம்.
தண்ணீரில் ஊறினால் காகிதத்தை விட்டு நழுவும்;
யாராவது தும்மினால் போயிற்று.
ஆறில் ஐந்தை ஒட்டிவிட்டேன்.
ஆறாவதைத் தூரிகை நுனியில் எடுக்கையில்
“செத்துடுவேன்யா” என்று விசிறியைப் போட்டாள்.

மேஜைக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.
ரசக் கிண்ணத்தில், காலண்டரில்,
சுவர்ப் பல்லியின் முதுகில்கூட.
காலையில் குழாயில் காற்றுதான் வந்தது.
முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு
அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்தாள்.
இடது முழங்கைக்குச் சற்று மேலே,
கம்மல் அளவுக்கு,
நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு படையின் அடையாளம்.
அதோடுதான் பேருந்தில் கம்பி பிடித்திருக்கிறாள்.
அதோடுதான் நூற்றுப்பதினான்கு புகார் எழுதியிருக்கிறாள்.
லாரி வராத தெருக்களுக்கெல்லாம்
வரும் வரும் என்று
அந்தக் கையைத்தான் ஆட்டியிருக்கிறாள்.
கொடுங்கையூர்ப் பெண் ஒருத்தி கேட்டாளாம்:
“இது இன்னாம்மா, ஆபீஸ்ல குத்துன சீலா?
எனக்கும் குத்திவுட்டா தண்ணி வருமா?”

கொஞ்சம் வெந்நீர் வைத்தால்
கிழியாமல் கழற்றிவிடுவேன் என்றேன்.
“வந்ததே நாலு குடம்” என்றாள்,
அந்தச் சொல்லை அவளே எடுத்து.
விசிறிக்கு நேர் கீழே
வெறுந்தரையில் படுத்தாள்,
இரண்டு கைகளையும் முழுசாக விரித்து.

ஒட்டகம் அலமாரியில்,
முத்திரையில்லாத பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து நிற்கிறது.
மேலே விசிறி வேகம் பிடித்ததும்
அதன் மூக்கிலிருக்கும் சின்ன விசிறி
அரைச்சுற்று சுற்றி
யோசித்து
நின்றது.